வேட்டைக் கத்தியில் சேனை நறுக்கியவர்

அவர் பேச வேண்டுமென்றால் முதலில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் வராதவரை நீங்கள் தலைகீழாக நின்று கேட்டாலும் பதில் கிடைக்காது. கையில் கத்தி திறந்திருக்கும்போது அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. கேட்டவர் கல்யாண வீட்டுக்காரரோ காப்பி கொண்டுவந்தவரோ, யாராக இருந்தாலும் பாதி நறுக்கிய சேனையைக் கீழே வைப்பார். அலகை மடியிலிருக்கும் மல் துணியில் ஒருமுறை துடைப்பார். கத்தியின் முதுகிலிருக்கும் இரும்பு நாக்கைக் கட்டைவிரலால் அழுத்தி மடக்குவார். டக். அப்புறம்தான், "என்ன கேட்டேள்?" என்பார். கேட்டவருக்கு என்ன கேட்டோம் என்பது பாதி நேரம் மறந்து போயிருக்கும்.

திருவனந்தபுரத்தில் வலியசாலைத் தெருக்களில் கல்யாணமோ சீமந்தமோ எது நடந்தாலும் சமையலுக்கு வருகிற கூட்டத்தில் அவருக்குக் காய் நறுக்குகிற வேலை. அடுப்புப் பக்கம் போகமாட்டார். எங்கள் தெருக்கோடியில் ஒற்றை அறை ஒன்றில் தனியாக இருந்தார். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். எனக்கு இருபத்திரண்டு. சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் தைத்த சட்டையின் மடிப்புக் கலையாமல் நடந்துகொண்டிருந்த காலம். தெருவே அவரை மாமா என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் பேரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை அந்தப் பேரைக் கெடுத்தவன் நான். மறுபடி அதைத் தொடுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காய் நறுக்க எல்லோரும் வைத்திருக்கிற கத்தி இல்லை அது. வெள்ளைக்காரர்கள் வேட்டைக்குப் போகும்போது இடுப்பில் கட்டிக்கொண்டு போகிற மடக்குக் கத்தி. மான்கொம்புப் பிடி, பிடியின் இரண்டு முனையிலும் பித்தளைப் பூண், பிடியின் நடுவே ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் மடங்கிப் படுத்துக்கொள்ளும் அலகு. திறந்தால் நாக்கு விழுந்து பூட்டிக்கொள்ளும். எத்தனை அழுத்தி வெட்டினாலும் விரல்மேல் மடங்காது. கட்டைவிரல் பதிகிற இடத்தில் மான்கொம்பு தேய்ந்து வழவழவென்று இருக்கும்.

வலியசாலைக்கு வருவதற்கு முன்னால் அவர் மலைமேல் ஒரு டீ எஸ்டேட்டில், தலைமைக் குமாஸ்தா வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தார். எஸ்டேட் துரைக்கு வயிற்றுக் கோளாறு. குமாஸ்தா வீட்டு மிளகு ரசம் ஒன்றுதான் அவருக்கு ஒத்துக்கொண்டது என்பார்கள். சுதந்திரம் வந்த வருஷம் துரை மூட்டை கட்டினார். ரசம் வைத்துக் கொடுத்தவருக்கு என்ன தருவது என்று தெரியாமல், பெட்டி பிரிக்காமல் கிடந்த ஒரு கத்தியைத் தந்துவிட்டுப் போனார். வேட்டைக் கத்தியைச் சமையல்காரருக்குக் கொடுத்தால் என்ன செய்வார்? சேனை நறுக்கினார்.

தெரு விட்டுவைக்குமா? 'வேட்டைக்காரர்' என்று பேர் வைத்துவிட்டது. "இன்னிக்கு என்ன மாமா வேட்டை?" என்று கேட்டால், மடக்கிவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "ரெண்டு சேனை, ஒரு சக்கை, இளவன் இருபது" என்பார். எங்கள் ஊரில் சக்கை என்றால் பலா, இளவன் என்றால் பூசணிக்காய். அலகில் வாழைக்காய்க் கறை ஏறிக் கறுத்திருக்கும். எங்கள் தெருவில் ஆசாரம் கொஞ்சம் முற்றிப் போன சிலர், இது ரத்தக் கறையோ, இந்தக் கத்தி எதையெல்லாம் தோலுரித்ததோ என்று ஆரம்ப நாட்களில் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கும் அதே மாதிரிதான், நிதானமாக மடக்கிவிட்டுச் சொன்னார்: "பெட்டியிலேந்து நான்தான் எடுத்தேன். சேனையும் சக்கையும் தவிர இதுக்கு வேறொண்ணும் தெரியாது." பிடி மான்கொம்பாச்சே என்றவருக்கும் பதில் இருந்தது. மான் வருஷா வருஷம் கொம்பை உதிர்க்கும், உதிர்ந்ததைப் பொறுக்கிச் செய்தது, நீங்கள் உட்கார்ந்து ஜபம் பண்ணுகிற மான்தோலைவிட இது சுத்தம் என்றார். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

அந்தக் கத்திக்கு அவர் செய்த சிசுருஷையைப் பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் செய்ய மாட்டார்கள். சக்கை நறுக்கினால் பசை ஒட்டும். தேங்காயெண்ணெய் தடவித் துணியால் வழித்தெடுப்பார். மாங்காய் நறுக்கினால் புளிப்பு அலகைத் தின்னும் என்று, ஒவ்வொரு மாங்காய்க்கும் ஒரு துடைப்பு. வெள்ளாரங்கல் பொடியைப் பலகையில் தூவி, அதன்மேல் அலகைப் படுக்க வைத்து இழுத்துத் தீட்டுவார். சாணைக்கல்லில் வைக்க விட மாட்டார். வேலை முடிந்ததும் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிப் பிடியின் பள்ளத்துக்குள் விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுப்பார். பள்ளத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பார். முகர்ந்து பார்ப்பார். கடைசியாக மூட்டில் ஒரு சொட்டு நல்லெண்ணெய். "அலகை யாரு வேணா துடைப்பான். பள்ளத்தைத் துடைக்கறவன்தான் கத்தி வச்சுக்கணும்" என்பது அவர் கட்சி.

மடக்காமல் பேசுவதில்லை என்ற அவருடைய பிடிவாதத்தால் நடந்த கூத்துகள் உண்டு. ஒரு சீமந்த வீட்டில் பாயசத்துக்கு வைத்திருந்த பால் பாத்திரத்தை நோக்கிப் பூனை வந்தது. பார்த்தது அவர் ஒருவர்தான். சேனையைக் கீழே வைத்தார், அலகைத் துடைத்தார், மடக்கினார், "பூனை" என்றார். அதற்குள் பூனை குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. தலைமைச் சமையல்காரர் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். பார்த்தபோதே வாயைத் திறந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று கேட்டார். "கத்தி திறந்திருந்துது" என்றார் இவர்.

ஒரு நாள் நானே கேட்டேன், எதற்காக இப்படி என்று. எஸ்டேட்டில் இரண்டு பேர் கோடாலிக் காம்பு ஒன்றுக்காகச் சண்டை போட்டார்கள். ஒருவன் கையில் கத்தி இருந்தது. பேசப் பேச அவனுக்கே தெரியாமல் கை போய்விட்டது. மற்றவனைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கியவர்களில் இவரும் ஒருவர். அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "வாயும் கத்தியும் ஒரே சமயத்துலே திறந்திருக்கப்படாது, அம்பி" என்றார். அதுவரை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன், அன்று சிரிக்கவில்லை.

கத்தியை அவர் யாருக்கும் இரவல் தரமாட்டார். தலைமைச் சமையல்காரர் கேட்டே தரவில்லை. ஆனால் எனக்குத் தந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அவருக்கு விஷக்காய்ச்சல் வந்து பத்துப் பதினைந்து நாள் படுத்த படுக்கையாகிவிட்டார். அம்மா கொடுத்தனுப்பிய கஞ்சியை நான்தான் கொண்டுபோனேன். இரண்டாம் நாள் அவர் கத்தியைத் தரையில் வைத்து, எடுத்துக்கோ என்று ஜாடை காட்டினார். எங்கள் பக்கத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டோம். கொடுத்தால் சண்டை வரும். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டேன். ஈரக்காற்றில் துருப்பிடித்துவிடும், தினம் துடைத்து எண்ணெய் விடு என்றார்.

விட்டேன். அவர் செய்கிறபடியே செய்தேன், பள்ளம் உள்பட. அவர் எழுந்து உட்கார்ந்த அன்று கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். திறந்து, ஈர்க்குச்சி விட்டு, வெளிச்சத்தில் பார்த்து, முகர்ந்து, எல்லாச் சோதனையும் முடித்துவிட்டு மடக்கினார். "இனிமே நீ தந்தா நான் பாக்க வேண்டாம்" என்றார். ஆபீஸில் என் மேலதிகாரி ஒரு நாளும் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று வீட்டுக்கு வரும்போது கால் தரையில் பாவவில்லை.

இனி சொல்ல வேண்டியதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

ஆபீஸில் எனக்கு நாலைந்து சிநேகிதர்கள். அவர்களோடு சாலைக் கடைத்தெருப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போக ஆரம்பித்து, மீன் தின்னப் பழகியிருந்தேன். ஆறு மாசமாக. வீட்டுக்கு வரும்முன் வெற்றிலை போட்டு, கொய்யா இலையை மென்று, சட்டையை உதறி, பெரிய சாமர்த்தியக்காரன் என்று நினைத்துக்கொண்டு வருவேன். அவர்களிடம் இந்தக் கத்தியைப் பற்றியும் அளந்திருந்தேன். இங்கிலாந்துக் கத்தி, புலி வேட்டைக் கத்தி, நான் கேட்டால் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்றெல்லாம். அவர்களில் தங்கப்பன் என்பவன், ஞாயிற்றுக்கிழமை வேளிக் காயல் கரைக்குப் போகிறோம், கத்தியோடு வா என்றான். "சும்மா கை வீசிண்டு வரப்பிடாது, கேட்டோ சாமி" என்றான்.

மாமாவிடம் போய், ஆபீஸ்காரர்களோடு வெளியே போகிறோம், இளநீரும் மாங்காயும் வெட்ட வேண்டும் என்றேன். முகம் பார்த்துப் பொய் சொன்னேன். அவர் உடனே கத்தியை எடுத்தார். தரையில் வைத்தார். எடுத்துக்கொண்டேன்.

காயல் கரையில் தங்கப்பன் வலைக்காரர்களிடம் கரிமீன் வாங்கினான். மீனை யார் சுத்தம் செய்வது என்று பேச்சு வந்தது. அவர்கள் யாராவது செய்திருப்பார்கள். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 'சாமிக்கு இதெல்லாம் வராது' என்று ஒருவன் சிரித்தான், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்காக நான் கத்தியைத் திறந்தேன். மான்கொம்புப் பிடியைப் பிடித்துக்கொண்டு, வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டினேன். செதிள் தெறித்து என் முழங்கைவரை ஒட்டிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கத்தியைக் காயல் தண்ணீரில் மணல் போட்டுத் தேய்த்தேன். வீட்டுக் கிணற்றடியில் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். அலகைத்தான் கழுவினேன். பள்ளத்துக்குள் ஈர்க்குச்சி விடவில்லை. காய்ச்சல் நாட்களில் தினம் செய்தவன், செய்தே ஆக வேண்டிய அந்த ஒரு நாள் செய்யவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று பார்க்க மனசு வரவில்லை என்பதுதான் நிஜம்.

மறுநாளே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த வாரம்தான் என் தங்கைக்குக் கல்யாணம். ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப்போய், அப்பா நாலு ஊர் அலைந்து திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த இடம். வீட்டில் காலை வைக்க இடமில்லாத அமளி. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு கத்தியைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், கொல்லைப் பந்தலில் காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார்கள். மாமா யாரிடமோ வாங்கிய சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு சேனையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கொண்டுபோய் அவர் பக்கத்தில் தரையில் வைத்தேன்.

அவர் சின்னக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதை எடுத்தார். பழக்கத்தில் அவருடைய இடது கை துடைப்பத்தின் பக்கம் போனது. நான் அதைப் பார்த்தேன். பிறகு அந்தக் கை திரும்பி வந்தது. "நீதானே வச்சிருந்தே, பாக்க வேண்டாம்" என்றார். திறந்தார். சேனையை எடுத்தார்.

அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்கலாம். ஒருமுறை துடைத்துவிடுங்கள் மாமா என்று மட்டும் சொல்லியிருந்தால்கூடப் போதும். வாசலில் பந்தக்கால் விஷயமாக யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

நாலு மணிக்குப் பிள்ளை வீட்டார் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கிறவர். வேட்டைக் கத்தியால் காய் நறுக்குகிற சமையல்காரர் என்று கேள்விப்பட்டுக் கொல்லைக்கு வந்தார். நான்தான் காப்பி டம்ளரோடு கூடப் போனேன். நல்ல மனுஷன், குற்றம் கண்டுபிடிக்க வரவில்லை, வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். கத்தியைப் பார்க்கலாமா என்று கேட்டார். மாமா மடக்கித் தரையில் வைத்தார். சித்தப்பா எடுத்து, நகத்தால் அலகைத் திறந்து, ஆஹா என்றார். அடியில், அலகு பிடியோடு சேருகிற இடத்தில், சேனை ஈரத்தில் ஊறி வெளியே வந்து ஒட்டிக்கொண்டிருந்தது அது. மிளகாய் விதையளவு. பளபளவென்று இருந்தது. நகத்தில் எடுத்து வெயிலில் பார்த்தார். முகர்ந்தார்.

"இது மீன் செதிள்னா?" என்றார்.

உரக்கக்கூடச் சொல்லவில்லை. ஆனால் பந்தலில் இருந்த ஐந்தாறு கத்திகளும் ஒரே நேரத்தில் நின்றன. நறுக்கிய காய் நாலு கூடை நிறைய இருந்தது. தலைமைச் சமையல்காரர் எழுந்து வந்தார். செதிளைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார். யாரோ போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அப்பாவின் முகம் வெளுத்துப்போயிற்று. சித்தப்பா கத்தியைத் திறந்தபடியே கீழே போட்டுவிட்டு, கையைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓய், இதுக்கு என்ன பதில் சொல்றீர்?" என்றார் அப்பா.

மாமா கத்தியை எடுத்தார். அலகைத் துடைத்தார். நாக்கை அழுத்தினார். டக்.

இனிப் பேசுவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தனை வருஷமும் அந்தச் சத்தத்துக்கு அப்புறம் அவர் பேசாமல் இருந்ததே கிடையாது. பந்தல் முழுக்கக் காத்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கணக்குப் போடுகிறவர் மாதிரி, என்னையும், உள்ளே தங்கை இருந்த அறையின் ஜன்னலையும், சித்தப்பாவையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்ப என்னிடம் வந்தார். நான் டம்ளரில் ஆடை படிந்த காப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் பேசவில்லை.

கத்தியைத் தரையில் வைத்தார். எழுந்து கிணற்றடிக்குப் போய், உடுத்த வேட்டியோடு தலையில் இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டார். சொட்டச் சொட்டக் கொல்லை வாசல் வழியாகப் போய்விட்டார். தலைமைச் சமையல்காரர் பின்னாலேயே கத்தினார். இத்தனை நாளும் மீன் தின்கிறவனைப் பக்கத்தில் உட்கார வைத்து எத்தனை வீட்டுக் காரியங்களைக் கெடுத்தேனோ என்று அழாத குறையாகக் கத்தினார். பேசாததால் எல்லாம் நிச்சயமாகிவிட்டது.

நாலு கூடைக் காயும் குழியில் போயிற்று. வாத்தியார் வந்து மந்திரம் சொல்லித் தண்ணீர் தெளித்தார். சாலைக் கடைத்தெருவிலிருந்து வேறு காய் வந்தது. சித்தப்பா பெரிய மனசு பண்ணி, சமையல்காரன் செய்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. கத்தி மட்டும் பந்தலிலேயே கிடந்தது. யாரும் தொட மாட்டேன் என்றார்கள். கிள்ளியாற்றில் எறிந்துவிட்டு வர யாராவது வேண்டும் என்று அப்பா கேட்டபோது, நான் போகிறேன் என்றேன். பாக்குப் பாளையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கூச்சம் பார்க்காமல் முன்வந்தானே பிள்ளை என்று நாலு பேர் மெச்சினார்கள். அதையும் நின்று கேட்டுக்கொண்டேன்.

ஆற்றில் எறியவில்லை. என் டிரங்குப் பெட்டியில், பழைய புத்தகங்களுக்கு அடியில் வைத்தேன்.

தங்கைக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெண்ணின் அண்ணன் மீன் தின்கிறான் என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றிருக்கும், வாஸ்தவம். ஆனால் தங்கைக்காகப் பேசாமல் இருந்தவர் அவர். நான் எனக்காகப் பேசாமல் இருந்தேன். கல்யாணம் முடிந்த மறுவாரம் சொல்லியிருக்கலாம், மறு வருஷம் சொல்லியிருக்கலாம். தெருவில் அவருக்கு 'மீன்காரர்' என்று பேர் மாறியது. ஒரு வீட்டிலும் கூப்பிடவில்லை. ஒரு மாசம் போல அந்த அறையில் இருந்தார். நான் அந்தக் கோடி வழியாகப் போவதை விட்டுவிட்டு, கோவிலைச் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பிறகு ஒரு நாள் அறையில் வேறு யாரோ குடிவந்தார்கள். அவர் எங்கே போனார் என்று கேட்க ஆளில்லை. கேட்க வேண்டியவன் கேட்கவில்லை. மீன் தின்பதை விட்டேனா? ஆறு மாசம் விட்டேன். அப்புறம் மறுபடி ஆரம்பித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கத்தியை மட்டும் பார்த்துக்கொண்டேன். வீட்டில் ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்து, ஈர்க்குச்சி, துணி, நல்லெண்ணெய் எல்லாம் ஒழுங்காகச் செய்வேன். அப்படிச் செய்தால் ஏதோ கொஞ்சம் கழிந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

ஐம்பத்தாறில் திருவிதாங்கூர்த் தென் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேருவதென்று ஆனபோது, ஆபீஸ் காகிதக் கட்டுகளைக் கொண்டுபோய் நாகர்கோவிலில் ஒப்படைக்கிற வேலை எனக்கு வந்தது. வாரம் ஒரு தடவை போனேன். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் சைவச் சாப்பாட்டு ஹோட்டல் ஒன்றில் கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது, ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்த ஆளின் முதுகைப் பார்த்தேன். முதுகைப் பார்த்தே தெரிந்தது. அன்று கையைக்கூடக் கழுவாமல் வந்துவிட்டேன். அடுத்த வாரம் கத்தியை மடியில் கட்டிக்கொண்டு போனேன்.

ஹோட்டல் முதலாளியிடம், பின்னால் மாவாட்டுகிறவர் காய் நறுக்க மாட்டாரா என்று கேட்டேன். "அந்தச் சாமியா? நல்ல மனுசன். ஆனா கத்திய மட்டும் தொடமாட்டாரு, பாத்துக்கிடுங்க. தேங்கா ஒடைக்கச் சொன்னாக்கூட வேற ஆளக் கூப்பிடச் சொல்லுவாரு" என்றார்.

பின்கட்டுக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்துக் குழவியை நிறுத்தினார். தலை நரைத்திருந்தது. கைகள் மாவாக இருந்தன. நான் மடியை அவிழ்த்துக் கத்தியை எடுத்து அவர் முன்னால் தரையில் வைத்தேன். பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். மாமா, மீனைச் சுரண்டினது நான்தான். அவருக்குத் தெரியும். இருந்தாலும் என் வாயால் அவர் கேட்க வேண்டும். அப்புறம் வலியசாலைக்குப் போய் அப்பாவிடமும் சொல்வதென்று இருந்தேன்.

கத்தியை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். எடுக்கமாட்டார் என்றே நினைத்தேன். கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து எடுத்தார். திறந்தார். நாக்கு விழுந்து பூட்டியது. அலகை அவர் பார்க்கவேயில்லை. பிடியை ஜன்னல் பக்கம் சரித்தார், வெளிச்சம் பள்ளத்துக்குள் விழும்படி. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவினார். பள்ளத்தில் விட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக இழுத்தார். குச்சியின் நுனியை விரலில் தேய்த்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். முகர்ந்தார். மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

அவர் என் கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

டக்.

"தங்கை சௌக்யமா?" என்றார்.

"சௌக்யம், மாமா. ரெண்டு குழந்தைகள்."

"நல்லது." கட்டைவிரலால் மான்கொம்பைத் தடவி, "சுத்தமாத்தான் வச்சிண்டிருக்கே. நீயே வச்சுக்கோ" என்று கத்தியை என் காலடியில் வைத்தார். குழவியைப் பிடித்தார். ஆனால் சுற்றவில்லை. பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கத்தி மூடித்தான் இருந்தது. நான் பேசியிருக்கலாம்.

குனிந்து எடுத்துக்கொண்டேன்.

"பஸ்ஸுக்கு நேரமாயிடுத்து, மாமா. வரேன்" என்றேன்.

அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.